அடைக்குதுங்க

பிரதீப்புக்குத் தமிழ் அரைகுறை. அதனால்தான் அவன் காதில் அது விழுந்தது.

இதயத்தின் நடுச்சுவரில் ஓட்டையோடு பிறந்த குழந்தைகளை வருஷாவருஷம் வரவழைத்துப் பார்த்து, எத்தனை பேருக்கு அது தானாக மூடிக்கொள்கிறது, எத்தனை பேருக்கு ஆபரேஷன் தேவைப்படுகிறது என்று எழுதி வைக்கும் ஆராய்ச்சி அது. பாலக்காட்டில் ஒரு மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இரண்டு மேசைகள். ஒன்றில் நஜ்மா, மற்றொன்றில் பிரதீப். போன வருஷத்துக்கு முந்தின மழையில் முகாம்கள் நின்றுபோனபோது இருவரும் குடும்பங்களைப் போனில் கூப்பிட்டு விசாரித்து எழுதினார்கள். எல்லாப் பேச்சும் பதிவாகியிருந்தது. இப்போது ஆராய்ச்சி முடிகிற நேரம். பத்துக்கு ஒன்றாகப் பதிவுகளைப் பொறுக்கி, ஒருவர் எழுதியதை மற்றவர் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

நஜ்மா எழுதிய நூற்றுப் பதினேழாம் எண் பிரதீப் கைக்கு வந்திருந்தது. காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டு அவன் திரும்பினான்.

“இத்தா, இதொண்ணு கேக்கூ. இந்த அம்மா ‘அடைக்குது’ன்னு பறயுன்னு. அடஞ்ஞுன்னு தன்னே அல்லே? பின்னே எந்தினா கரயுன்ன ஒச்ச?”

இத்தா என்றால் அக்கா. ஓட்டை மூடிவிட்டது என்றுதானே சொல்கிறாள், பிறகு ஏன் அழுகிற குரல் என்று கேட்டான். அவன் தமிழைக் கிண்டல் செய்வது நஜ்மாவுக்கு வழக்கம். சிரித்துக்கொண்டேதான் கருவியை வாங்கிக் காதில் வைத்தாள்.

முதலில் வந்தது அவளுடைய குரல்.

“பாப்பாவப் பக்கத்துல எங்கயாச்சும் டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?”

“பொள்ளாச்சியில காட்டுனமுங்க.”

“ஓட்டை அடைஞ்சிருச்சுங்களா?”

“அடைக்குதுங்க. இப்பெல்லாம் அடிக்கடி...”

“அடைஞ்சிருச்சா! ரொம்ப சந்தோஷமுங்க. இனி பயப்பட ஒண்ணுமில்ல.”

பிறகு யாரும் பேசவில்லை. அந்தப் பக்கம் எங்கோ ஒரு சேவல் கூவியது.

“செரிங்க” என்றாள் அந்தப் பெண்.

அவ்வளவுதான் பதிவு. நஜ்மா அதை மூன்று முறை கேட்டாள். நான்காம் முறை கேட்கத் தேவையிருக்கவில்லை. அந்த ‘செரிங்க’ மனதில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

பாலக்காட்டுக்குப் பக்கத்தில் புதுநகரம் என்ற ஊரில், அவள் வீட்டில் தமிழ்தான். பள்ளிக்கூடம் மலையாளம். இந்த வேலைக்கு நேர்முகத்துக்குப் போனபோது, கிழக்குப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களோடு பேச ஆள் வேண்டும் என்றார்கள். இரண்டு மொழியும் எனக்கு இரண்டு கை மாதிரி என்று அவள் சொன்னாள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! மலையாளத்தில் அடைவது என்றால் மூடிக்கொள்வது. ஆனால் வீட்டில் அவளுடைய அத்தா அப்துல் சமது மார்கழிப் பனியில் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, “அடைக்குதும்மா” என்று சொல்லாத வருஷம் உண்டா? அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் அடுக்களையிலிருந்து மருந்தோடு ஓடியவள்தானே இவள்? அதே சொல், மேசைக்கு வந்ததும் மலையாளமாக மாறிவிட்டிருந்தது.

மொழி மட்டும்தானா என்று தன்னைக் கேட்டுக்கொண்டாள். இல்லை. கணினியில் ‘அடைந்தது’ என்று எழுதினால் அந்த வரி பச்சையாகும். பச்சை ஒவ்வொன்றும் ஒரு குழந்தை கத்திக்குத் தப்பியதற்கு அடையாளம். அன்றைக்கு அவள் இருபத்துமூன்று பேரோடு பேசியிருந்தாள். பச்சைக்காக ஏங்கியிருந்தாள். அந்தப் பெண் வாக்கியத்தை முடிக்கும் முன்பே, வேண்டிய சொல்லைப் பிடுங்கிக்கொண்டு சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

“இத்தா?” என்றான் பிரதீப்.

“அடைக்குதுன்னா மூச்சு முட்டுதுன்னு அர்த்தம்” என்றாள் நஜ்மா. “நீ கேட்டதுதான் சரி.”

நூற்றுப் பதினேழு. பெயர் தமிழ்ப்ரியா. ஊர், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கோவிந்தாபுரம். போனில் பேசியபோது ஐந்து வயது, இப்போது ஆறரை. கொடுத்திருந்த எண்ணைக் கூப்பிட்டாள். உபயோகத்தில் இல்லை என்றது. கடைசியாக எக்கோ எடுத்த படங்களை அச்செடுத்துக்கொண்டு டாக்டர் ஜின்சனின் அறைக்குப் போனாள்.

ஜின்சன் கோட்டயத்துக்காரர், ஆராய்ச்சியின் தலைவர். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நடுத்தர ஓட்டை. அப்போது சுருங்கிக்கொண்டு வருகிறது என்று நானே எழுதியிருக்கிறேன்” என்றார் மலையாளத்தில். “மூச்சு வாங்குகிறது என்றால் சுருங்கவில்லை. ஒன்றரை வருஷமாக நுரையீரலுக்கு வேண்டாத ரத்தம் பாய்ந்துகொண்டிருக்கும்.”

மீதி அவளுக்குத் தெரியும். இதயத்தின் இடப்பக்கம் பலசாலி. ஓட்டை வழியாக ரத்தத்தை வலப்பக்கம் தள்ளும். அங்கிருந்து அது நுரையீரலுக்குப் போகும். அந்த வேகத்தைத் தாங்கித் தாங்கி நுரையீரலின் குழாய்கள் விறைத்துக்கொள்ளும். ஒருநாள் அழுத்தம் எதிர்த்து நின்று, ரத்தம் திரும்பி வலமிருந்து இடமாகப் பாயும். அதன்பின் ஓட்டையை மூடக் கூடாது. மூடினால் குழந்தை போய்விடும்.

“திரும்ப வரச்சொல்லிக் கடிதம் போடுவோம்” என்றார் ஜின்சன். “அடுத்த வெள்ளிக்கிழமை கணக்கைப் பூட்டுகிறார்கள், அதற்கப்புறம் எதையும் மாற்ற முடியாது. ஒரு எண் மாறும், அதற்குள் திருத்திக்கொள்ளலாம்.”

“கடிதம் வேண்டாம் சார். நானே போறேன். அப்புறம், ஒரு எண்தானான்னு தெரியாது. தமிழ் வீடுகள் எல்லாத்துக்கும் போன் பண்ணினது நான்தான்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான்கு வருஷத்து உழைப்பு அந்தப் பார்வையில் ஒருமுறை வந்து போயிற்று. நஜ்மா கண்ணைத் தாழ்த்தவில்லை.

“வியாழக்கிழமை கொல்லங்கோட்டில் முகாம்” என்றார் கடைசியில். “எக்கோ மெஷின் இரண்டு மணி வரைதான் இருக்கும். அதற்குள் கூட்டிக்கொண்டு வாருங்கள்.”

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரி ஜீப்பில் நஜ்மாவும் பிரதீப்பும் கோவிந்தாபுரம் போனார்கள். செக்போஸ்டில் தக்காளி வண்டிகள் வரிசையில் நின்றன. அதற்கு முன்பே இடதுபக்கம் தென்னந்தோப்புக்குள் வாய்க்கால் ஓரமாக ஒரு வண்டித்தடம். இரண்டு இடத்தில் கேட்டு, மூன்றாவது இடத்தில் வீடு கிடைத்தது.

வாசலில் ஒரு பெண் மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். ஜீப்பைப் பார்த்து அரிவாளை நிறுத்தினாள்.

“ஆருங்க?”

“ஆஸ்பத்திரியிலருந்து வர்றோமுங்க. தமிழ்ப்ரியாவோட அம்மா மருதாத்தாள்ங்கறது...”

“எந்த ஆஸ்பத்திரி? கைவுட்ட ஆஸ்பத்திரியா?”

நஜ்மாவுக்கு விளங்கவில்லை. “நாங்க யாரும் கைவிடலீங்களே.”

“மாமா!” மருதாத்தாள் வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தாள். “அந்தக் காயிதத்த எடுத்துட்டு வாங்க. இவிய கைவுடலையாமா.”

அவளுடைய மாமனார் குப்பண்ணன் ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறையோடு வெளியே வந்தார். உறைக்குள்ளிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தார். மருத்துவமனையின் அச்சுத்தாள். ‘அடைந்தது’ என்று எழுதினால் கணினி தானாக அனுப்பும் மலையாளக் கடிதம். கீழே நஜ்மாவின் சுருக்கக் கையெழுத்து. துவாரம் அடஞ்ஞதினால் இனி பரிசோதனைக்கு வரேண்டதில்லா.

“எங்களுக்கு அந்த எழுத்து வராதுங்க” என்றார் குப்பண்ணன். “ரேஷன் கடையில படிக்கச் சொன்னோம். அடைஞ்சிருக்குது, இனிமே வர வேண்டாம்னு எழுதியிருக்குதுன்னாங்க. எங்க பங்காளி ஒருத்தரு நெஞ்சுல அடைப்புன்னுதான் உக்காந்த எடத்துலயே போனாரு. அஞ்சு வயசுப் புள்ளைக்கு அடைப்பு. பெரிய ஆஸ்பத்திரியே வர வேண்டாம்னு எழுதிப்போட்டா அப்பறம் ஆருகிட்டங்க போறது?”

நஜ்மா அந்த வரியை மறுபடி படித்தாள். ஒரே சொல் இரண்டு முறை எல்லை தாண்டியிருக்கிறது. இங்கிருந்து போனபோது மூச்சுத் திணறல் சுகமாகிவிட்டது. அங்கிருந்து வந்தபோது சுகம் மாரடைப்பாகிவிட்டது. ஒன்றரை வருஷமாக இந்த வீடு அதோடு எழுந்து அதோடு படுத்திருக்கிறது.

“காயிதத்த உடுங்க” என்றாள் மருதாத்தாள். “அதுக்கு முன்னாடி ஒருத்தி போன்ல பேசுனா. அடைக்குதுங்கன்னு நாஞ் சொல்லச் சொல்ல, நெம்ப சந்தோசம்னா. சிரிச்சுக்கிட்டே சொன்னா. உங்க ஆராய்ச்சிக்கு அப்பிடி ஒரு புள்ள வேண்டியிருந்துச்சாட்ட இருக்குது, கெடச்சிருச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். வேற என்னத்த நெனைக்கறது?”

பிரதீப் தரையைப் பார்த்தான். அவன் சொல்ல மாட்டான் என்று நஜ்மாவுக்குத் தெரியும். யாரோ ஒருத்தி, வேலையை விட்டுப் போய்விட்டாள் என்று சொன்னால் இந்த வாசலில் யாரும் மறுக்கப்போவதில்லை. குழந்தையை அழைத்துப்போவதும் சுலபமாகும். அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இன்னொரு முறை மருதாத்தாளிடமிருந்து உண்மையைப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது.

“அது நான்தாங்க” என்றாள்.

மருதாத்தாள் எழுந்து நின்றாள். அரிவாளைக் கூரையில் செருகிவிட்டு வந்து, நஜ்மாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீங்களா?”

“நான்தான். நீங்க அடைக்குதுன்னு சொன்னதை ஓட்டை மூடிக்கிச்சுன்னு எழுதிட்டேன். மூச்சுத் தெணறுதுன்னு நீங்க சொன்னது என் காதுல ஏறலை. கேக்கறதுக்கு நான் நிக்கலை. இந்தக் காயிதத்துலயும் ஓட்டை மூடிருச்சுன்னுதான் எழுதியிருக்கு. மாரடைப்புன்னு இல்லீங்க. யாரும் கைவிடலை. தப்பு நான் பண்ணினது.”

“தமிழு தெரியும்னுதான உங்கள வேலைக்கு வெச்சிருக்கறாங்க?”

“ஆமாங்க.”

“நல்லாத் தெரிஞ்சிருக்குது.”

நஜ்மா அதை வாங்கிக்கொண்டாள். தென்னை மட்டை ஒன்று தோப்புக்குள் எங்கோ விழுந்தது.

“ஒண்ணு கேக்கறேன்” என்றாள் மருதாத்தாள். “இப்ப அது மூடியிருக்குதா, தொறந்திருக்குதா?”

“தெரியாதுங்க. பாத்தாத்தான் தெரியும்.”

“இதயாவது அன்னைக்குச் சொல்லியிருக்கலாமல்லொ.”

அப்போதுதான் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னாலிருந்து குழந்தை வந்தது. மெலிந்த உடம்பு, பெரிய கண். ஜீப்பைப் பார்த்த ஆவலில் வேகமாகக் கிளம்பி, முதல் தென்னையைப் பிடித்துக்கொண்டு நின்றது. தோள்பட்டை ஏறி இறங்கியது. பிறகு அடுத்த தென்னை வரைக்கும் நடை. மறுபடியும் நின்றது.

“ஏன் கண்ணு நின்னு நின்னு வர்றே?” என்றாள் நஜ்மா.

“மரத்துக்கு மரம் நிக்கோணும். அம்மாதான் சொல்லிக் குடுத்தா.”

பெரிய ஆஸ்பத்திரியே விட்டுவிட்டது என்று நம்பியவள், குழந்தையைத் தான் விடாமல் தோப்பிலிருக்கும் தென்னைகளையே துணைக்கு வைத்துக்கொண்டிருக்கிறாள். நஜ்மா அவளுடைய முகத்தைப் பார்த்தாள். அதில் இரக்கம் கேட்கிற சாயல் கொஞ்சமும் இல்லை.

“ரெண்டு மணிக்குள்ள கொல்லங்கோடு போகணுமுங்க. அதுக்கப்புறம் மெஷின் இருக்காது.”

குப்பண்ணன் தயங்கினார். “எம் பையன் ரமேஷ்குமாரு லோடு எறக்கப் போயிருக்கறான். அவன் வரட்டும். ஒரு வார்த்த கேட்டுக்கிட்டு நாளைக்கு...”

“வண்டியில போகப் போகப் போன் பண்ணிக்கறேனுங் மாமா” என்றாள் மருதாத்தாள், ஏற்கெனவே கை கழுவப் போய்க்கொண்டிருந்தாள். “கேக்கறதுக்கில்ல. சொல்றதுக்கு.”

ஜீப்பில் ஏறும்போது நஜ்மாவின் காதருகே சொன்னாள்: “உங்கள நம்பி வல்ல. அவளுக்காக வர்றேன்.”

“அது போதுமுங்க.”

கொல்லங்கோட்டுச் சுகாதார நிலையத்தின் சின்ன அறையில், பச்சைத் திரைக்குப் பின்னால் டாக்டர் ஜின்சன் காத்திருந்தார். குழந்தையின் மார்பில் ஜெல்லைத் தடவியதும் அது சிலிர்த்துச் சிரித்தது. மெஷினின் திரையில் இதயம் வந்தது. ஜின்சன் ஒரு பொத்தானை அமுக்கினார். கறுப்பு வெள்ளைக்கு நடுவில் சிவப்பும் நீலமும் மஞ்சளும் பாய்ந்தன.

“உள்ள பட்டாசா வெடிக்குது?” என்றது தமிழ்ப்ரியா.

யாரும் சிரிக்கவில்லை. ஜின்சன் மறுபடி மறுபடி ஒரே இடத்தை அளந்தார். நஜ்மா திரையில் ஒன்றை மட்டும் தேடினாள்: அந்த வெடிப்பு எந்தத் திசையில் போகிறது? இடமிருந்து வலமா? ஒருமுறை நீலம் பின்னால் வருவது போலிருந்தது. தேடுவதைத்தான் கண் காட்டும், பயப்படுவதையும் அதுதான் காட்டும் என்று தன்னை அதட்டிக்கொண்டு, டாக்டர் வாய் திறக்கும்வரை திரையிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள்.

அவர் மலையாளத்தில் வேகமாகச் சொல்லத் தொடங்கினார். நஜ்மா கையைத் தூக்கினாள். “சார், ஒவ்வொண்ணா.”

ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் மருதாத்தாளின் பக்கம் திரும்பினாள். சொல்லப்போகிற சொற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எடுத்தாள். அந்த ஒரு சொல்லை மட்டும் தொடவேயில்லை.

“ஓட்டை மூடலீங்க. தொறந்துதான் இருக்குது. நுரையீரல்ல அழுத்தம் ஏறியிருக்குது. ஆனா ரத்தம் இன்னும் எடப்பக்கத்துலருந்து வலப்பக்கந்தான் போகுது, திரும்பலை. திரும்பியிருந்தா ஆபரேஷன் பண்ண முடியாது. இப்பப் பண்ணலாம்னு நெனைக்கறாங்க. வர்ற செவ்வாக்கிழமை ஒரு மெல்லிசான குழாயை உள்ள விட்டு அழுத்தத்தை அளந்து பாக்கணும். அது சரியா வந்தா உடனே ஆபரேஷன். தள்ளிப்போட முடியாது.”

மருதாத்தாள் விரல் மடக்கி எண்ணத் தொடங்கினாள்.

“நாந் திருப்பிச் சொல்றேன். செரியான்னு பாருங்க” என்றாள். “ஓட்ட மூடல. ரத்தந் திரும்பல. செவ்வாக்கெழம கொழா உட்டு அளக்கறீங்க. செரியா வந்தா ஆப்ரேசன். செரியா வல்லீன்னா?”

நஜ்மா டாக்டரைப் பார்த்தாள். அவர் மெல்லத் தலையசைத்தார்.

“செரியா வரலைன்னா மருந்து மட்டுந்தாங்க. ஆபரேஷன் கெடையாது.”

“அதயும் சேத்துச் சொல்லோணும். உட்டுட்டுச் சொல்லாதீங்க.”

“இனி விடமாட்டேங்க.”

“எந்தா பறஞ்ஞது?” என்று ஜின்சன் கேட்டார். நஜ்மா அதையும் விடாமல் சொன்னாள். அவர் கையிலிருந்த கருவியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, வெள்ளிக்கிழமை கணக்கைப் பூட்ட வேண்டாம் என்று தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை அளவு சரியாக வந்தது. மயிரிழையில் வந்தது என்றுதான் ஜின்சன் சொன்னார். முகாம் நடந்த ஒன்பதாம் நாள் தமிழ்ப்ரியாவின் ஓட்டைக்கு ஒட்டுப்போட்டுத் தைத்தார்கள். ஆராய்ச்சியில் நூற்றுப் பதினேழாம் எண் இனிப் பச்சை இல்லை. ‘தானாக மூடவில்லை’ என்ற பக்கத்துக்குப் போய்விட்டது.

நஜ்மா அதோடு நிறுத்தவில்லை. தமிழ் வீடுகளில் தான் போனில் கேட்டுப் பச்சையாக்கிய மற்ற நாற்பத்தோரு வரிகளையும், முடிவு தெரியாததற்கான சாம்பல் நிறத்துக்குத் திரும்ப மாற்றினாள். ஒவ்வொன்றுக்கும் எக்கோ படம் வராமல் நிறம் மாறாது என்று எழுதி ஜின்சனிடம் கையெழுத்து வாங்கினாள். படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தாள்: ‘அவர் சொன்ன சொல், சொன்னபடியே’. பிரதீப் அதற்கு நஜ்மாக்கட்டம் என்று பெயர் வைத்துவிட்டான்.

அந்த வரிகளில் ஒன்று, மலைமேல் பள்ளிவாசல் என்ற தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் அழகுத்தாயின் பையன். அவனுக்கு அடைக்கிறதா என்று கேட்டபோது அவள் சிரித்தாள். “அடைக்குதா? எங்க லயத்து வீட்டுல சாக்கடைதாம்மா அடைக்கும். மூச்சுன்னா முட்டுதுன்னுல்லா சொல்லுவோம்.” சரி, முட்டுகிறதா என்று கேட்டாள் நஜ்மா. “அவன் எங்கள முட்டாம இருந்தாப் போதும்” என்றாள் அழகுத்தாய். நஜ்மா அதை அப்படியே கட்டத்தில் எழுதினாள். பையனை எக்கோவுக்கும் வரச்சொன்னாள்.

முட்டுது என்றால் மலையாளத்திலும் முட்டல்தான். மருதாத்தாள் மலைமேல் பிறந்திருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது. இந்த நினைப்பில் ஆறுதல் தேட மனம் ஒருமுறை முயன்றது. நஜ்மா அதற்கு இடம் கொடுக்கவில்லை. தப்பு சொல்லில் பாதி, அவசரத்தில் பாதி. அவசரத்துக்கு மலையும் சமவெளியும் ஒன்றுதான்.

நாற்பத்தொன்றில் இரண்டு, படம் எடுத்துப் பார்த்தபோது திறந்திருந்தன. சின்ன ஓட்டைகள். அந்த இரண்டு குழந்தைகளுக்கும் மறுபடி வருஷாவருஷம் வரச்சொல்லித் தேதி கொடுத்தாயிற்று. இன்னும் பதினாறு பேரைப் பார்க்க வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து ஆறாவது வாரம், மருதாத்தாளைக் கூப்பிட்டாள்.

“தமிழ்ப்ரியாவுக்கு இப்ப அடைக்குதுங்களாக்கா?” அந்தச் சொல்லைத் துணிந்து, வீட்டில் சொல்கிற மாதிரியே சொன்னாள்.

“அடைக்கலீங்க. நேத்து நாலு மரம் நிக்காம வந்தா.”

பேனா தாளைத் தொட்டுவிட்டது. எழுதுவதற்கு வேண்டியது கிடைத்துவிட்டது. பழைய நஜ்மாவாக இருந்தால் இந்நேரம் சந்தோஷப்பட்டிருப்பாள். அவள் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். அந்தப் பக்கம் சேவல் கூவியது.

“லைன்ல இருக்கறீங்களா?” என்றாள் மருதாத்தாள்.

“இருக்கறேன். நீங்க சொல்லி முடியுங்க.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி குரல் வந்தது.

“அஞ்சாவது மரத்துல நின்னுட்டா. எளப்புலயா, பழக்கத்துலயான்னு தெரியலீங்க.”

நஜ்மா அதைச் சொன்னபடியே எழுதினாள்.